மாணவரே நடத்திய தேர்தல்

புதுதில்லியின் தென்கோடியில், ஆரவல்லிக் குன்றுகளின் பாறைநிலத்தில் அமைந்த ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திற்குச் செல்லும் தமிழன்பர்கள், அங்குள்ள ‘பெரியார்’ விடுதியின் பெயர்ப்பலகையைக் கண்டு வியப்பதுண்டு. அப்பெயர் ஈ.வெ.ரா. அவர்களைக் குறிப்பதன்று, கேரளத்தில் ஓடும் பெரியாற்றைக் குறிப்பது. அங்கு விடுதிகட்கெல்லாம் ஆறுகளின் பெயரே. காவேரி, கோதாவரி, சபர்மதி, கங்கா, ஜீலம், சட்லெஜ் எனப் பல திசை ஆறுகளும் ஒரு குன்றின்மேல் கூடியதுபோல, பல மாநிலத்து மாணவரும் கூடிய இடம் அது. இத்தகைய இடத்தில், தன் தாய்மொழி பேசுவோர் விரல்விட்டு எண்ணத்தக்கவராயிருக்க, கையில் பொருளும் இல்லாத ஒருவர் மாணவர் சங்கத் தேர்தலில் நின்று வெல்வது எங்ஙனம்? பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வினா புதியதன்று.

1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிறுவப்பட்டு, 1969இல் தொடங்கப்பெற்றது அப்பல்கலைக்கழகம். அடுத்த சில ஆண்டுகளிலேயே மாணவர் தம் சங்கத்திற்கான விதிகளைத் தாமே வகுத்துக்கொண்டனர். தேர்தலை நடத்தும் பொறுப்பையும் அலுவலகத்திடம் விடவில்லை. போட்டியிடாத மாணவரைக் கொண்ட தேர்தல் ஆணையம் ஒன்று வேட்புமனு பெறுவது முதல் வாக்கு எண்ணுவது வரை யாவற்றையும் நடத்தும். தலைவர், துணைத்தலைவர், பொதுச்செயலாளர், இணைச்செயலாளர் ஆகிய நால்வரை எல்லா மாணவரும் தேர்ந்தெடுப்பர். ஒவ்வொரு ‘ஸ்கூலும்’ தன் உறுப்பினரைத் தனியே தேர்ந்தெடுக்கும். (இச்சொல்லைப் பள்ளி என மொழிபெயர்ப்போர் உளர். சிறுவர் பயிலும் இடமென்று படிப்போர் மயங்குவர். புலம் என்பதே பொருந்தும் என்பது நம் துணிபு.)

பிரசாரத்தின் முறைதான் நாம் உற்று நோக்கத்தக்கது. அச்சிட்ட வண்ணச் சுவரொட்டிகட்கு அங்கு இடமில்லை. தாளில் தூரிகையால் தீட்டிய ஓவியங்களும் கையால் எழுதிய வாசகங்களுமே சுவர்களை நிறைத்தன. உணவுக்கூடத்தின் மேசைகளில் துண்டுப்பிரசுரங்கள் தட்டுகளுக்கு அருகே காத்திருக்கும். முற்பகலில் ஒரு கட்சி எழுதியதற்கு மறு கட்சியின் மறுப்பு இரவுச் சாப்பாட்டிற்குள் வந்துவிடும். உண்டு முடித்தபின் அதே கூடத்தில் சொற்பொழிவு தொடங்கும். வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்னர், தலைவர் பதவிக்கு நிற்போர் அனைவரும் ஒரே மேடையில் ஏறி வாதிட வேண்டும். முதலில் உரை, பிறகு ஒருவரை ஒருவர் வினவுதல், அதன்பின் கேட்போர் எழுதியனுப்பும் வினாக்கள். நள்ளிரவு கடந்தும் கூட்டம் கலையாது. உள்ளூர் விடுதிச் சிக்கல் முதல் உலக அரசியல் வரை எதனையும் கேட்பர். நாவன்மையும் உழைப்பும் உடையவனுக்கு இது பெரும் வாய்ப்பு. பணம் உடையவனுக்குத் தனிச்சலுகை ஏதுமில்லை. நாவன்மை இல்லாதவன் பாடு சற்றுக் கடினமே என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1970களின் முற்பகுதியில் தலைவராயிருந்த பிரகாஷ் காரத் மலையாளி. பர்மாவில் பிறந்து சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்றவர். அவரையே 1974இல் ஆனந்த் குமார் வென்றார். சீதாராம் யெச்சூரி தெலுங்கர். 1952இல் சென்னையில் பிறந்து ஐதராபாத்தில் வளர்ந்தவர். அவர் 1977-78இல் மும்முறை தலைவரானார். தம் மொழியினரின் வாக்கை மட்டும் நம்பியிருந்தால் இவருள் எவரும் வென்றிருத்தல் இயலாது.

அப்பதவியால் கிட்டியது மாலைமரியாதை மட்டுமன்று. நெருக்கடிநிலைக் காலத்தில், சங்க உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவி ஒருவர் பல்கலைக்கழகத்தினின்றும் நீக்கப்பட, மாணவர் வகுப்புகளைப் புறக்கணித்தனர். 1975 செப்டம்பர் 25ஆம் நாள் காலை, சங்கத் தலைவர் தேவி பிரசாத் திரிபாதியைத் தேடிச் சாதாரண உடையில் போலீசார் காரில் வந்தனர். அவர்கள் பிடித்துச் சென்றதோ பிரபீர் புர்காயஸ்தா என்னும் வேறொரு மாணவரை! ஆளை மாற்றிப் பிடித்தது தெரிந்த பின்னரும் விடுவிக்கவில்லை. ஏறத்தாழ ஓராண்டு அவர் சிறையிலிருந்தார். பின்னாளில் ஷா விசாரணைக் குழு இந்நிகழ்ச்சியையும் ஆராய்ந்தது. திரிபாதியும் பின்னர்ச் சிறைப்பட்டார்.

இந்திரா காந்தி அம்மையாரின் அருகில் நின்று இளைஞர் யெச்சூரி தாளொன்றை வாசிக்கும் புகைப்படத்தைப் பலரும் கண்டிருப்பர். அது நெருக்கடிநிலைக் காலத்துப் படம் என்று சொல்லக் கேட்கிறோம், அது பிழை. அப்படம் 1977 செப்டம்பர் 5ஆம் நாளுக்குரியது. பிரதமர் பதவியை இழந்த பின்னரும் அம்மையார் பல்கலைக்கழக வேந்தராக நீடித்தார். விலகுமாறு கோரிய மாணவர் அவர் இல்லத்திற்கு ஊர்வலமாகச் சென்றனர். அவர் வெளியே வந்து கோரிக்கையைக் கேட்டார். விரைவில் வேந்தர் பதவியினின்றும் விலகினார்.

நாட்டின் பிற பகுதிகளில் மாணவர் தேர்தல் பணத்தாலும் வன்முறையாலும் சீர்கெட்டிருந்ததால், உச்ச நீதிமன்ற ஆணையின்படி 2005இல் ஒரு குழு அமைந்தது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ அதன் தலைவர். 2006இல் அளித்த அறிக்கையில், வேட்பாளர் செலவு 5,000 ரூபாயைத் தாண்டலாகாது, அச்சிட்ட சுவரொட்டி கூடாது, கையால் எழுதியதே வேண்டும் என்றெல்லாம் அக்குழு பரிந்துரைத்தது. நேரு பல்கலைக்கழக மாணவர் முன்பே கடைப்பிடித்து வந்தவை இவை! உச்ச நீதிமன்றமும் 2006 செப்டம்பரில் அப்பரிந்துரைகளை நடைமுறைப்படுத்த ஆணையிட்டது.

ஆயினும் அவ்வறிக்கையில் வேறு விதிகளும் இருந்தன. ஆராய்ச்சி மாணவர் 28 வயதுக்குள் இருத்தல் வேண்டும்; நிர்வாகிப் பதவிக்கு ஒருமுறையே நிற்கலாம். பின்தங்கிய மாவட்டத்தினர்க்கு நுழைவில் கூடுதல் புள்ளி அளித்துவந்த நிறுவனம் அது. வீட்டுக் கஷ்டத்தால் இடையில் படிப்பை நிறுத்தி, வேலை பார்த்து, வயது கடந்து ஆராய்ச்சிக்கு வந்தோர் அங்குப் பலர். வயது வரம்பு அவர்களையே முதலில் தடுத்தது. விதிகளைப் பின்பற்றவில்லை என்று 2008 அக்டோபரில், வேட்பாளர் களமிறங்கியிருந்த வேளையில், உச்ச நீதிமன்றம் தேர்தலுக்குத் தடை விதித்தது. எளியோர் தேர்தலுக்கு முன்மாதிரியான இடத்திலேயே, தேர்தலைச் சீர்செய்ய வந்த விதியால் தேர்தல் நின்றது. இவ்விதிகளை ஒவ்வொரு நிறுவனத்தின் நிலைமையையும் நோக்கித் தளர்த்தியிருக்கலாம் என்பதே நம் எண்ணம்.

2011 டிசம்பரில் நீதிமன்றம் அவ்வாறே சிறிது தளர்த்தி, ஆராய்ச்சி மாணவர்க்கு வயது வரம்பை 30 ஆக்கியது. 2012 மார்ச் 1ஆம் நாள் மீண்டும் வாக்குப்பதிவு நடந்தது. பெருந்தொற்றுக் காலத்தையொட்டி மறுபடியும் ஓர் இடைவெளி. 2019க்குப் பின் 2024 மார்ச்சிலேயே அடுத்த தேர்தல். அவ்வாண்டு தலைவராக வென்ற தனஞ்சய் பீகார் மாநிலத்துக் கயையிலிருந்து வந்தவர். 1996இல் பத்தி லால் பைர்வா வென்றதற்குப் பின் அப்பதவிக்கு வந்த முதல் தலித் மாணவர்.