விலை உயர்ந்த ஹெட்போனும் வயதான காதும்

1881ஆம் ஆண்டு பாரீஸில் மின்சாரப் பொருட்காட்சி ஒன்று நடந்தது. எடிசனின் மின்விளக்கைப் பார்க்கக் கூடிய கூட்டம், அங்கேயே இன்னொரு வரிசையிலும் நின்றது. கிளெமான் அதேர் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ஒபேரா அரங்கின் மேடை விளிம்பில் மைக்குகளை வரிசையாக வைத்து, அங்கிருந்து பொருட்காட்சிக்குக் கம்பி இழுத்திருந்தார். வந்தவர்களுக்கு ஆளுக்கு இரண்டு கேட்புக் குழல்கள். மேடையின் இடப்பக்கத்து மைக் ஒரு காதுக்கு, வலப்பக்கத்து மைக் மறு காதுக்கு. பாடுகிறவர் மேடையில் இடமிருந்து வலமாக நடந்தால், கேட்கிறவர் தலைக்குள்ளும் அப்படியே நடந்தார். இன்று 'ஸ்டீரியோ' என்று சொல்கிறோமே, அதன் பிறப்பு அதுதான்.

விக்தோர் யுகோ அந்த ஆண்டே இதைக் கேட்டுவிட்டுத் தன் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். 1890இல் 'தெயாத்ரோஃபோன்' என்ற பெயரில் இது வியாபாரமாகவே ஆயிற்று. ஓட்டல்களிலும் காப்பிக் கடைகளிலும் பெட்டி வைத்தார்கள். ஐம்பது சாந்தீம் காசு போட்டால் ஐந்து நிமிடம் கேட்கலாம். வசதி உள்ளவர்கள் மாதச் சந்தா கட்டி வீட்டுக்கே கம்பி வாங்கிக்கொண்டார்கள். மர்செல் ப்ரூஸ்த் அப்படி 1911இல் சந்தாதாரர் ஆனவர். ஆஸ்துமாக்காரர், வெளியே போக முடியாதவர். தெபூசியின் 'பெலெயாஸ் எ மெலிசாந்த்' ஒபேராவைப் படுக்கையில் இருந்தபடி கேட்டார். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு ப்ரூஸ்தின் நீண்ட வாக்கியங்கள் பள்ளிக்கூடத்திலேயே பயம் காட்டியவை. அவற்றை எழுதிய மனிதர் காதில் குழலை வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்டார் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ரேடியோ வந்தது, 1932இல் தெயாத்ரோஃபோன் நின்றது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. என் வயதுக்காரர்கள் பலருக்கு வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஹெட்போன் அனுப்புகிறார்கள். சிலது கால் லட்சம், சிலது லட்சத்துக்கு மேல். "இது நல்லதா, அது நல்லதா?" என்று மாலையில் கடற்கரைச் சாலை பெஞ்சில் விவாதம் நடக்கிறது. சர்க்கார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் நான். ஒப்பிடுவதென்றால் முதலில் எதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்று கேட்கிற பழக்கம் போகாது. ஹெட்போன் விஷயத்தில் அந்த 'எதை' என்பது காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது.

முதலில் கேட்டால் போதும் என்றிருந்தது. 1910இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கையால் ஹெட்போன் செய்து கடற்படைக்கு அனுப்பினார். கப்பலில் கம்பியில்லாத் தந்தி கேட்கிறவனுக்கு இசை வேண்டாம். இரைச்சலுக்கு நடுவே ஈனஸ்வரத்தில் வரும் புள்ளியும் கோடும் காதில் விழ வேண்டும். அதில் பால்ட்வினுடையது கெட்டிக்காரத்தனமாக இருந்ததால் கடற்படை வாங்கியது. அந்தக் காலத்தில் இரண்டு ஹெட்போனை ஒப்பிடுவதென்றால் எது மெல்லிய சத்தத்தையும் பிடிக்கிறது என்று பார்ப்பதுதான்.

அடுத்தது உள்ளதை உள்ளபடி கேட்க வேண்டும் என்ற காலம். 1937இல் பெர்லினில் ஆய்கன் பையரின் நிறுவனம் டி.டி. 48 என்ற ஹெட்போனை வெளியிட்டது. ஒலிபெருக்கிக்குள் இருப்பது போலக் காந்தம், கம்பிச்சுருள், அதோடு ஒட்டிய மெல்லிய தகடு, எல்லாம் சிறிய அளவில். இன்று விற்கும் ஹெட்போன்களில் பெரும்பாலானவை இந்த 'டைனமிக்' சாதிதான். டி.டி. 48 எழுபது ஆண்டுகளுக்கு மேல் தயாரிப்பில் இருந்தது. வானொலி நிலையங்களில் மட்டுமா? காது டாக்டர்கள் செவித்திறன் சோதிக்கும் கருவியிலும் அதை மாட்டினார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

சந்தோஷத்துக்காகக் கேட்பது 1958இல் தொடங்கியது எனலாம். மில்வாக்கி நகரத்து ஜான் காஸ், கையில் எடுத்துப் போகக்கூடிய ஒரு கிராமபோனை விற்க நினைத்தார். பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவில்லாமல் கேட்க அதோடு ஒரு ஸ்டீரியோ ஹெட்போனையும் வைத்தார். கண்காட்சிக்கு வந்தவர்கள் கிராமபோனை விட்டுவிட்டு ஹெட்போனைச் சுற்றிக்கொண்டார்கள். தேங்காய் வாங்கப் போனவன் கொசுறு கொடுத்த கறிவேப்பிலையைப் புகழ்ந்த கதைதான். 1960இல் ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் மின்னழுத்தத்தால் அசையும் மிக மெல்லிய படலம் வைத்து ஒன்று செய்தது. அதில் கம்பிச்சுருளின் கனமே கிடையாது. 1968இல் ஜெர்மனியின் சென்ஹைசர், காதை மூடாத, மஞ்சள் ஸ்பாஞ்சு வைத்த ஹெச்.டி. 414ஐக் கொண்டுவந்தது. ஒரு கோடிக்கு மேல் விற்றது. முதுகுப்புறம் திறந்திருப்பதால் ஒலி தலைக்குள் அடைபட்டுக் கிடக்காமல் கொஞ்சம் வெளியே விரியும். 1979இல் சோனி வாக்மேன் வந்தபின் ஹெட்போன் தெருவுக்கே வந்துவிட்டது.

எல்லார் கையிலும் ஒரு பொருள் வந்துவிட்டால், பெரிய மனிதர்களுக்கு வேறொன்று வேண்டியிருக்கும். 1989இல் சோனி எம்.டி.ஆர். ஆர்10 என்று ஒன்று செய்தது. கிண்ணம் செல்கோவா என்ற ஜப்பானிய மரத்தில் கடைந்தது, படலம் பாக்டீரியா வளர்த்த செல்லுலோஸ். 1991இல் சென்ஹைசர் 'ஓர்ஃபியஸ்' என்ற பெயரில் வால்வு ஆம்பிளிஃபயரோடு சுமார் 300 மட்டும் செய்தது. அதன் வாரிசு 2015இல் இத்தாலியப் பளிங்குக் கல்லில் வந்தது. விலை சுமார் 50,000 யூரோ. பிரான்சிலிருந்து ஃபோக்கால் நிறுவனம் 2016இல் 'யுதோப்பியா'வை வெளியிட்டது. பெரிலியம் உலோகத் தகடு, விலை சுமார் 4,000 யூரோ. அந்த நிறுவனம் இருப்பது சேந்த்-எத்தியேன் நகரத்தில். நிலக்கரி, துப்பாக்கி, சைக்கிள், ரிப்பன் என்று நாங்கள் பூகோளப் பாடத்தில் நெட்டுருப் போட்ட ஊர். இப்போது அந்தப் பட்டியலில் ஹெட்போனையும் சேர்க்க வேண்டும்.

என் மகன் பிரான்சில் வேலையில் இருக்கிறான். இந்த ஹெட்போன் பைத்தியம் அவனுக்கு உண்டு. சென்ற ஆண்டு விடுப்பில் வந்தபோது யுதோப்பியாவும், சென்ஹைசர் ஹெச்.டி. 600ம் கொண்டுவந்தான். பின்னது 1997இல் வந்து இன்றும் விற்கும் மாடல், விலையில் இதற்குப் பத்தில் ஒரு பங்குதான் வரும். மூன்றாவதாக, கைப்பேசியோடு வந்த என் சாதா இயர்போன். மூன்றையும் ஒரு வாரம் மாற்றி மாற்றிக் கேட்டேன்.

முதல் நாளே மகன் இரண்டு விதி சொன்னான். ஒன்று, மூன்றும் ஒரே சத்த அளவில் இருக்க வேண்டும். ஒன்று துளி உரக்க இருந்தாலும் நமக்கு அது 'உரக்க இருக்கிறது' என்று தோன்றாது, 'நன்றாக இருக்கிறது' என்றுதான் தோன்றும். 1933இலேயே பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டினார்கள், சத்தம் குறையும்போது கீழ் ஸ்தாயி நம் காதுக்கு முதலில் மெலிந்துபோகும் என்று. இரண்டாவது, ஹெச்.டி. 600 முந்நூறு ஓம் தடை உள்ளது. அதைக் கைப்பேசியில் நேராகச் செருகிவிட்டு 'சோப்ளாங்கி' என்று தீர்ப்புச் சொன்னால் அது அநியாயம். அதற்கென்று தனி ஆம்பிளிஃபயர் வேண்டும்.

ப்ரூஸ்த் கேட்டாரே என்று 'பெலெயாஸ்' போட்டேன். யுதோப்பியாவில் வாத்தியங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, விளிம்பு கூர்மையாக நின்றன. மெல்லிய இடத்திலிருந்து திடீரென்று எழும் இடங்களில் உடம்பு சிலிர்த்தது. எம்.டி. ராமநாதனின் அடித்தொண்டைக் குரலை ஹெச்.டி. 600இல் கேட்டேன். மனிதர் எதிரில் உட்கார்ந்து பாடுவது போல, ஒரு பூச்சும் இல்லை. குரலுக்கு அதுவே எனக்கு ஒட்டியது. ராஜரத்தினம் பிள்ளையின் பழைய இசைத்தட்டைப் போட்டபோதுதான் வேடிக்கை. யுதோப்பியாவில் நாகசுரத்தைவிடத் தட்டின் கீறல்தான் துல்லியம். விலை உயர்ந்த ஹெட்போன் நல்ல ஒலிப்பதிவுக்குச் செய்கிற உபகாரத்தைப் பழைய ஒலிப்பதிவுக்குச் செய்வதில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டால் எதிர் வீட்டுச் சுவரின் பாசியும் சேர்ந்துதானே தெரியும். சாதா இயர்போனில் எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து சாம்பாராகிவிட்டது, ஆனால் ராகம் என்னவோ அதே ராகம்தான்.

இந்தத் தீர்ப்பு என் காதுக்கு மட்டும் சொந்தம். நம் காது மடலும் காதுக் குழலும் சேர்ந்து சுமார் 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலியைத் தானாகவே பெருக்குகின்றன. அந்த மடலின் வடிவம் கைரேகை மாதிரி ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே ஒரே ஹெட்போன் இரண்டு தலைகளில் இரண்டு விதமாக ஒலிக்கிறது. அப்படியானால் பொதுவாக நல்லது என்று ஒன்று கிடையாதா? ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் அவர் குழுவும் இதைச் சோதித்தார்கள். தலையில் மாட்டினால் கனத்தை வைத்தே எது எது என்று தெரிந்துவிடுமே? அதனால் ஒரே ஹெட்போனில் மற்ற மாடல்களின் ஒலியைக் கணினி மூலம் வரவழைத்து, பெயர் தெரியாமல் கேட்க வைத்தார்கள். ஒரு நல்ல அறையில் நல்ல ஒலிபெருக்கி ஒலிப்பது போன்ற சமநிலையைப் பெரும்பாலோர் விரும்பினார்கள். பெயர்ப்பலகையை மறைத்தவுடன் கருத்து வேற்றுமை பாதி கரைந்துவிட்டது.

2017இல் ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் இன்னும் ஒரு படி போனார். 283 ஹெட்போன்களை அளந்து, எந்தச் சுருதியை எவ்வளவு உரக்கத் தருகிறது என்பதையும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டுக்கும் சம்பந்தமே காணோம். தணிக்கை அதிகாரி கேட்டால் கண் விரியக்கூடிய கணக்கு. விலை ஏறினால் நல்ல மரம், மெல்லிய தோல், கெட்டியான வேலைப்பாடு, சில நுட்பங்கள் கிடைக்கும். சமநிலையான ஒலி கிடைக்கும் என்பதற்கு விலைச்சீட்டு உத்தரவாதம் தராது.

இப்போது டி.டி. 48க்கு வருகிறேன். அந்த ஒப்பீட்டு வாரம் முடிந்ததும் மகன் என்னைக் காது பரிசோதனைக்கு அழைத்துப் போனான். சத்தம் நுழையாத சின்ன அறை, தலையில் ஒரு ஹெட்போன், சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வந்த வரைபடத்தில் 2,000 ஹெர்ட்ஸ் வரை கோடு பரவாயில்லை, அதற்கு மேல் கிணற்றில் இறங்கும் படிக்கட்டு போல இறங்கியது. எழுபதைத் தாண்டியவர்களுக்கு இது சகஜம் என்றார் பரிசோதித்த பெண். ஹெட்போன் விளம்பரங்களில் 40,000 ஹெர்ட்ஸ், 50,000 ஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பார்கள். இளைஞன் காதே 20,000 ஹெர்ட்ஸில் நின்றுவிடும். என் காது அதில் பாதிக்கு முன்பே கடையைச் சாத்திவிடுகிறது.

மேல் ஸ்தாயி போனால் முதலில் இழப்பது சங்கீதத்தை அல்ல, பேச்சை. உயிரெழுத்துக்களின் பலம் கீழே இருக்கிறது, 'ச' போன்ற மெய்களின் கூர்மை மேலே இருக்கிறது. 'காசு' என்றதும் 'காது' என்றதும் ஒன்றாக விழும். "சத்தம் கேட்கிறது, என்ன சொன்னாய் என்று புரியவில்லை" என்று நம் வீடுகளில் தினம் ஒரு சண்டை நடக்கிறதே, அதன் மூலம் இதுதான். என் நண்பர் ஒருவர் சபாவுக்கு வருவதை நிறுத்திவிட்டு, பிள்ளை அனுப்பிய ஹெட்போனில் முழுச் சத்தம் வைத்துக் கச்சேரி கேட்கிறார். சத்தத்தைக் கூட்டினால் நன்றாகக் கேட்கிற கீழ் ஸ்தாயியும் சேர்ந்து கூடி, கேட்காததை இன்னும் மூடிவிடும். எஞ்சிய காதுக்கும் அது கேடு. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும்.

அவரிடம் காதுக் கருவி வைத்துக்கொள்ளச் சொன்னேன். "கிழவன் என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்ளச் சொல்கிறாயா?" என்றார். தலை முழுக்க மூடும் ஹெட்போனை மாட்டிக்கொள்வதில் அவருக்குக் கூச்சமில்லை, காது மடலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் பயறு அளவு கருவிக்குக் கூச்சம். இரண்டும் ஒரே குடும்பம்தான். மைக், ஆம்பிளிஃபயர், சின்ன ஒலிபெருக்கி. ஒன்று எல்லாச் சுருதியையும் தூக்கிக் கொடுக்கும். மற்றது உங்கள் வரைபடத்தைப் பார்த்து எங்கே பள்ளமோ அங்கே மட்டும் மண் போடும்.

ஆகவே பெஞ்சு நண்பர்களுக்கு என் பதில் இது. முதலில் காதை அளந்து வாருங்கள். பேச்சே தெளிவில்லை என்றால் பணத்தைக் கருவிக்குச் செலவழியுங்கள். காது பரவாயில்லை என்றால், முதுகுப்புறம் திறந்த, தலையை நெரிக்காத, நடுத்தர விலையில் ஒன்று போதும். பிள்ளை லட்ச ரூபாய் ஹெட்போன் அனுப்பினால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், யுதோப்பியா தந்த சிலிர்ப்பு பொய்யில்லை. ஆனால் சத்தத்தைப் பாதியில் வையுங்கள். வீட்டில் யாராவது கூப்பிட்டால் கழற்றிவிட்டுப் பதில் சொல்லுங்கள். அந்தக் குரலுக்கு இரண்டாவது பதிவு கிடையாது.