உளவாளிப் பெண்கள்: கேட்டதும் கேட்காததும்

இரண்டாம் உலகப்போர்க் காலப் பெண் உளவாளிகளைப் பற்றிய ஒலிநூல்களைச் சில ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். கை சமையலில் இருக்கும், காது பிரான்சில் இருக்கும். அடுத்த அத்தியாயத்துக்கு ஆளை இழுத்துச் செல்லும் வித்தை இந்நூல்களுக்கு நன்றாகவே தெரியும். அந்த வித்தைக்காக வரலாற்றில் எதை விட்டுக்கொடுக்கின்றன என்பதுதான் என் கேள்வி.

ஜெர்மனி பிடித்துவைத்திருந்த நாடுகளில் நாசவேலை செய்யவும் எதிர்ப்புக் குழுக்களுக்கு உதவவும் 1940இல் பிரிட்டன் ஒரு ரகசிய அமைப்பைத் தொடங்கியது. அதன் பிரெஞ்சுப் பிரிவு அனுப்பிய 39 பெண்களில் 13 பேர் திரும்பவில்லை. சமத்துவ எண்ணத்தால் பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. 1943இல் பிரெஞ்சு இளைஞர்கள் கட்டாய வேலைக்காக ஜெர்மனிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஊரில் நடமாடும் இளைஞன்மீது உடனே சந்தேகம் விழுந்தது. கூடையோடு சைக்கிளில் போகும் பெண்ணை யாரும் பொருட்படுத்தவில்லை. பெண்ணால் என்ன செய்துவிட முடியும் என்ற அலட்சியமே அவர்களுக்குத் திரையானது.

இவர்களில் நமக்கு அதிகம் தெரிந்தவர் நூர் இனாயத் கான். திப்பு சுல்தானின் வழிவந்தவர், குழந்தைகளுக்காக ஜாதகக் கதைகளை எழுதியவர். 1943 ஜூனில், பிரான்சுக்கு அனுப்பப்பட்ட முதல் பெண் வயர்லெஸ் இயக்குநராகப் போய் இறங்கினார். சில நாட்களிலேயே அவருடைய குழுவினர் வரிசையாகப் பிடிபட்டனர். லண்டன் திரும்ப அழைத்தும் அவர் வர மறுத்தார். அக்டோபரில் கைதானார். இருமுறை தப்ப முயன்றார். 1944 செப்டம்பர் 13 அன்று டாஹவ் முகாமில் வேறு மூன்று பெண்களோடு சுட்டுக்கொல்லப்பட்டார்.

நூரின் கதையைச் சொல்பவர்கள் 'இளவரசி', 'கனவு காண்பவள்' என்ற சொற்களை விடுவதில்லை. அனுப்பிய செய்திகளை அவர் நோட்டில் எழுதிவைத்திருந்தது அவருடைய வெகுளித்தனமாகச் சொல்லப்படுகிறது. அந்த நோட்டையும் கருவியையும் கைப்பற்றிய ஜெர்மானியர்கள் அவர் பெயரில் செய்தி அனுப்பியபோது லண்டன் அதை நம்பியது. அந்தச் செய்திகளை நம்பி அனுப்பப்பட்ட மாட்லேன் தமெர்மான், பாராசூட்டில் இறங்கிய இடத்திலேயே கெஸ்டபோவிடம் சிக்கினார். நூரோடு சுடப்பட்ட மூவரில் அவரும் ஒருவர். மேசையில் உட்கார்ந்திருந்த அதிகாரிகளின் தவறு ஒலிநூலில் ஒரு வாக்கியத்தில் கடந்துபோகிறது. நூரின் 'வெகுளித்தனம்' அத்தியாயம் முழுக்க நீள்கிறது.

வேரா அட்கின்ஸைப் பற்றி சாரா ஹெல்ம் எழுதிய 'எ லைஃப் இன் சீக்ரெட்ஸ்' இந்த வகையில் சிறந்த நூல். லண்டன் அலுவலகத்திலிருந்து இந்தப் பெண்களை வழியனுப்பிய அட்கின்ஸ், போர் முடிந்ததும் ஜெர்மனிக்குப் போய், முகாம் காவலர்களை விசாரித்து, காணாமற்போனவர்களின் முடிவைத் தேடினார். நூர் நாட்ஸ்வைலர் முகாமில் இறந்ததாக முதலில் முடிவாயிற்று. அங்கே கொல்லப்பட்டவர் சோனியா ஓல்ஷனெஸ்கி என்பது பிறகுதான் தெரிந்தது. பிரான்சிலேயே சேர்த்துக்கொள்ளப்பட்டவர் என்பதால் அவரை அட்கின்ஸ் அறிந்திருக்கவில்லை. பட்டியலில் பெயர் இல்லாத பெண், சாவிலும் இன்னொருத்தியின் பெயரைச் சுமந்தாள். எந்தத் துப்பறியும் கதையின் திருப்பமும் இவ்வளவு கனமானதில்லை.

பெர்ல் விதரிங்டனின் கதையை முழுதாகச் சொல்லும் ஒலிநூல்தான் நமக்கு வேண்டும். தலைவர் கைதானபின் 1944இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட போராளிகளை வழிநடத்தியவர் அவர். ராணுவச் சிலுவைப் பதக்கத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டார். பெண்களுக்கு அது கிடையாது என்றார்கள். பதிலாகக் கொடுத்த குடிமைப் பிரிவு விருதை, தான் செய்ததில் குடிமைப் பணி எதுவும் இல்லை என்று சொல்லி மறுத்துவிட்டார். பாராசூட் வீரர்களுக்குரிய சிறகுச் சின்னம் அவருக்குக் கிடைத்தது 2006இல், 91 வயதில்.

சித்திரவதை அறையின் வாசலில் அத்தியாயத்தை முடிக்கத் தெரிந்தவர்கள், இந்த விருது மறுப்பில் நிற்பதில்லை. அங்கே துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. ஓர் அரசாங்கமும் ஒரு கடிதமும் மட்டுமே இருக்கின்றன.

அச்சு நூலில் அடிக்குறிப்பைப் பார்க்கலாம். ஒலிநூலில் ஆவணத்தில் இருப்பதும் ஆசிரியர் ஊகித்ததும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு வருகின்றன. மூடிய அறையில் ஒரு பெண் என்ன நினைத்தாள் என்று அந்தக் குரல் சொல்லும்போது, இது எப்படித் தெரியும், யார் சொன்னது என்று நிறுத்திக் கேட்போம். அந்தப் பெண்கள் கேட்டுப் பெறாத கணக்கை அவர்களுக்காக நாம் கேட்கத் தொடங்குவது அங்கிருந்துதான்.