அலுமினியக் கலப்புலோகங்களைக் காய்ச்சி அடித்தல்

சூடேற்றிய அலுமினியக் கலப்புலோகக் கட்டையை எஃகு அச்சுகளுக்கு நடுவே வைத்து, சம்மட்டி இயந்திரத்தாலோ ஹைட்ராலிக் பிரஸ்ஸாலோ நசுக்கி, வேண்டிய வடிவுக்குக் கொண்டுவரும் தொழில்முறை. பட்டறை வழக்கில் இது ஃபோர்ஜிங் எனப்படும். விமானத்தின் இறக்கைச் சட்டங்கள், தரையிறங்கு சக்கரத் தாங்கிகள், கார்களின் சஸ்பென்ஷன் கைகள், லாரிச் சக்கரங்கள், பந்தய எஞ்சின் பிஸ்டன்கள், டர்போசார்ஜர் சுழலிகள், மிதிவண்டியின் கிராங்குகள் ஆகியவை இம்முறையில் உருவாகின்றன. எடை குறைவாக இருக்க வேண்டும், ஆனால் லட்சக்கணக்கான முறை சுமை ஏறி இறங்கினாலும் உடையக் கூடாது என்ற இரண்டு கட்டாயங்களும் சேரும் இடத்தில்தான் இதற்குத் தேவை எழுகிறது.

இதே உறுப்புகளை வார்த்தும் எடுக்கலாம், செலவும் குறையும். ஆனால் உருகிய அலுமினியம் ஹைட்ரஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். உறையும்போது அந்த வாயு வெளியேற வழியின்றி நுண்துளைகளாகத் தங்கிவிடுகிறது. உறைகையில் உலோகம் சுருங்குவதால் மேலும் துளைகள் விழுகின்றன. சுமை மீண்டும் மீண்டும் ஏறி இறங்குவதால் வரும் அயர்வு விரிசல் பெரும்பாலும் இத்தகைய துளையில்தான் பிறக்கிறது. காய்ச்சி அடிக்கும்போது உலோகம் அழுத்தத்தின் கீழ் நகர்வதால் துளைகள் மூடிக்கொள்கின்றன. படிக மணிகள் நகர்வின் திசையில் நீண்டு, மரத்தின் நாரைப் போல ஓர் ஓட்டம் அமைகிறது. அந்த ஓட்டத்தின் நீளவாக்கில் உறுதியும் அயர்வு தாங்கும் திறனும் மிகுதி. குறுக்கே இழுத்தால் குறைவு. தடித்த தகட்டிலிருந்து அதே வடிவத்தைக் கடைந்து எடுத்தால் வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. ஆனால் வளைவு வரும் இடங்களிலெல்லாம் ஓட்டம் அறுபட்டு முனைகள் வெளியே தெரியும். எனவே சுமை எந்த வழியாகச் செல்லுமோ அந்த வழியிலேயே உலோகத்தை ஓடச் செய்வதுதான் அச்சு வடிவமைப்பாளரின் முதல் பொறுப்பு. உறுப்பின் மதிப்பு அதன் வடிவத்தைவிட இந்தத் திசையில்தான் அதிகம் அடங்கியிருக்கிறது.

எஃகை அடிப்பவருக்கு அதன் நிறமே வழிகாட்டி. சுமார் 1,200 பாகை செல்சியஸில் அது செம்மஞ்சளாக ஒளிரும். பழகிய கண் அதைப் பார்த்தே நேரம் அறியும். அலுமினியம் அந்த உதவியைத் தருவதில்லை. அடிப்பதற்குரிய சூட்டில் அது பகல் வெளிச்சத்தில் குளிர்ந்த கட்டையைப் போலவே வெள்ளியாகத் தெரியும். 6061 வகையை 430 முதல் 480 பாகைக்குள்ளும், 7075 வகையை 380 முதல் 440 பாகைக்குள்ளும் அடிக்க வேண்டும். பின்னதன் உட்கூறுகள் 480 பாகையை ஒட்டியே உருகத் தொடங்கிவிடும். எல்லைக்குக் கீழே போனால் உலோகம் விறைத்து விளிம்பு பிளக்கும். மேலே போனால் மணிகளின் எல்லைகள் உருகி, கட்டை முழுவதுமே வீணாகும். இத்துடன் இன்னொரு சிக்கலும் உண்டு. வேகமாக நசுக்கினால் உருமாற்றத்தின் உழைப்பே வெப்பமாக மாறி, உலையில் சரியாக இருந்த சூட்டை அச்சுக்குள் எல்லை தாண்டச் செய்துவிடும். ஆகவே 7000 வரிசைக் கலப்புலோகங்களுக்குச் சம்மட்டியின் அதிரடியைவிட ஹைட்ராலிக் பிரஸ்ஸின் மெதுவான அழுத்தமே பொருந்தும். 6000 வரிசை இரண்டையும் தாங்கும்.

இந்தக் குறைந்த வெப்பநிலை ஒரு பெரிய வசதியையும் தருகிறது. எஃகை அடிக்கும் அச்சை எஃகின் சூட்டுக்கே கொண்டுபோனால் அச்சு இளகிவிடும். அலுமினியத்துக்கு அச்சை 200 முதல் 400 பாகைக்கு மேலும்கூடச் சூடாக்கலாம். சூட்டுவேலை அச்செஃகு அப்போதும் வலுவிழக்காது. கட்டையும் அச்சும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருந்தால் உலோகம் ஓரத்தில் குளிர்ந்து நிற்காமல் மெல்லிய விலா எலும்பு போன்ற பகுதிகளுக்குள்ளும் ஏறி நிரம்பும். சாதாரண அச்சில் உறுப்பை வெளியே எடுக்க 3 முதல் 5 பாகைச் சரிவு விட வேண்டும். துல்லிய ஃபோர்ஜிங்கில் அதை 1 பாகைக்கும் கீழே குறைத்துக் கடைசல் வேலையைப் பெருமளவு தவிர்க்கலாம். சூடான அலுமினியம் எஃகில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது என்பதால் ஒவ்வொரு அடிக்கும் முன் அச்சில் கிராஃபைட் கலந்த மசகைத் தெளிக்கிறார்கள்.

கலப்புலோகத் தேர்வு உறுப்பின் வேலையைப் பொறுத்தது. மக்னீசியமும் சிலிக்கனும் சேர்ந்த 6061, 6082 ஆகியவை அரிமானத்தைத் தாங்குவன. பக்குவப்படுத்திய 6061 சுமார் 310 மெகாபாஸ்கல் இழுவிசை தாங்கும். கார் சஸ்பென்ஷனும் சக்கரங்களும் பெரும்பாலும் இந்த வரிசையே. துத்தநாகம் சேர்ந்த 7075 அதைவிட மிக வலியது; 500 மெகாபாஸ்கலைத் தாண்டும். சூட்டில் உழைக்கும் பிஸ்டனுக்கும் சுழலிக்கும் செம்பு, நிக்கல், இரும்பு கலந்த 2618 பொருந்தும். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆர்ஆர்58 என்ற கலப்புலோகம்தான் ஒலியைப் போல இருமடங்கு வேகத்தில் பறந்து சூடேறிய கான்கார்டு விமானத்தின் உடலானது. எஞ்சின் உறுப்புகளுக்காகப் பிறந்த உலோகம் ஒரு விமானத்துக்கே தோலானது, இத்துறையின் வரலாற்றில் நினைவில் நிற்க வேண்டிய செய்தி.

அடித்து முடித்து, ஓரத்தில் பிதுங்கிய பிசிறை வெட்டியபின்பும் உறுப்பு மென்மையாகத்தான் இருக்கும். வலிமை வெப்பப் பக்குவத்தில் வருகிறது. 6061ஐ சுமார் 530 பாகையில் வைத்துக் கலப்புத் தனிமங்களைக் கரைய விட்டு, சட்டென்று நீரில் தோய்த்து, பின்பு 175 பாகையை ஒட்டிய சூட்டில் சில மணி நேரம் முதிர்விப்பார்கள். தோய்த்த அலுமினியம் நாளாக நாளாக இறுகுவதை ஜெர்மானிய உலோகவியலாளர் ஆல்ஃபிரட் வில்ம் 1906இல் கண்டறிந்தார். அதிலிருந்து பிறந்ததே டூராலுமின். காரணம் விளங்க மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. கரைந்த அணுக்கள் மிக நுண்ணிய கொத்துகளாகத் திரண்டு உலோகத்தின் நழுவலைத் தடுக்கின்றன என்பதை கினியே, பிரஸ்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1938இல் எக்ஸ் கதிர் கொண்டு தனித்தனியே காட்டினர்.

தோய்த்தலில் வெளிப்புறம் முதலிலும் உட்புறம் பிறகும் குளிர்வதால் உள்ளே தகைவு தங்கிவிடுகிறது. கடையும்போது உறுப்பு கோணிக்கொள்வது இதனால்தான். முதிர்விப்பதற்கு முன், மென்மை நீங்காத அந்தச் சில மணி நேரத்துக்குள், உறுப்பை மீண்டும் சிறிதளவு நசுக்கினால் தகைவு பெருமளவு தணியும்.

பெரிய பிரஸ்களின் கதை போரோடு பிணைந்தது. ஒரு முழு இறக்கைச் சட்டத்தை ஒரே உறுப்பாக அடித்தால் நூற்றுக்கணக்கான ரிவெட்டுகளும் இணைப்புகளும் தேவைப்படா. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி சுமார் 30,000 டன் விசையுள்ள பிரஸ்ஸை இயக்கியது. போருக்குப் பின் அது சோவியத் ஒன்றியத்துக்குப் போயிற்று. அமெரிக்காவுக்கு ஜெர்மனியிலிருந்து கிடைத்தவை அதில் பாதி விசையுள்ளவையே. அந்த இடைவெளியை நிரப்பவே அமெரிக்க விமானப்படை 1950களில் பெரும் பிரஸ் திட்டத்தைத் தொடங்கிப் பத்து இயந்திரங்களை நிறுவியது. அவற்றுள் மிகப் பெரிய இரண்டும் 50,000 அமெரிக்க டன் விசையுடையவை. ஒன்று மாசசூசெட்ஸின் கிராஃப்டனில், மற்றது ஓஹையோவின் கிளீவ்லாந்தில். கிளீவ்லாந்து இயந்திரத்தில் 2008இல் விரிசல்கள் தெரிந்தன. உடைத்து எறியாமல் முக்கிய வார்ப்புகளை மாற்றி 2012இல் மீண்டும் ஓட்டினார்கள். சோவியத் ஒன்றியம் 75,000 டன் பிரஸ்களைக் கட்டியது. சீனா தேயாங்கில் 80,000 டன் பிரஸ்ஸை நிறுவியது. 1950களில் போட்ட முதலீடு இன்றும் பயணிகள் விமானங்களுக்கு உறுப்பு தந்துகொண்டிருப்பது, அடிப்படை இயந்திரங்களில் ஒரு நாடு செய்யும் செலவை அவசரமாக எடைபோடக் கூடாது என்பதற்குச் சான்று.

அலுமினிய ஃபோர்ஜிங் எங்கும் பொருந்துவதல்ல. அதன் அடர்த்தி எஃகில் மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. இடம் குறுகலாக இருந்து விறைப்பும் தேவைப்பட்டால் எஃகுதான் வெல்லும். அச்சுச் செலவு மிகுதி என்பதால் சில உறுப்புகள் மட்டும் வேண்டுமானால் கடைந்து எடுப்பதே மேல்.

1960களில் 7079, 7075 வகை விமான உறுப்புகள், உச்ச வலிமைக்குப் பக்குவப்படுத்தியிருந்த நிலையில், தாமாகவே விரிசல் விட்டன. அச்சின் இரு பாதிகள் சந்திக்கும் கோட்டில் உலோக ஓட்டம் வெளியே திரும்பும். அங்கே தகைவும் ஈரமும் சேர்ந்து மணி எல்லைகளை மெல்லப் பிளந்தன. 7075ஐ உச்சநிலை கடந்தும் முதிர்வித்து, வலிமையில் 10 முதல் 15 விழுக்காட்டை விட்டுக்கொடுப்பது தீர்வாயிற்று. டி73 எனப்படும் பக்குவம் அதுவே. பின்னர் வந்த 7050, 7085 ஆகியவை தடித்த உறுப்புகளிலும் அந்த இழப்பைக் குறைத்தன. ஆயினும் சரியான பக்குவம் வந்ததா என்பதைக் கடினத்தன்மை மட்டும் சொல்லாது. முதிர்வு குறைந்த உறுப்பும் மிகுந்த உறுப்பும் ஒரே அளவைக் காட்டக்கூடும். ஆகவே மீயொலியாலும் ஊடுருவு சாயத்தாலும் விரிசல் தேடியபின் மின்கடத்து திறனையும் அளக்கிறார்கள். டி73 பக்குவத்தில் 7075 உறுப்பு, தரச் செம்பின் கடத்து திறனில் 38 விழுக்காட்டையாவது எட்ட வேண்டும். எட்டாத உறுப்பு விமானத்தில் ஏறாது.