இடி விழுந்த அப்பல்லோ 12-ம் ஒரு சின்ன ஸ்விட்சும்

வீட்டில் கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் ஆன் ஆகவில்லை என்றால் "இன்வெர்ட்டர் போச்சு" என்று முடிவு கட்டிவிடுவோம். பல நேரங்களில் அது பழுதாகியே இருக்காது. 12 வோல்ட் பேட்டரி சுமார் 10.5 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால், தன்னையும் பேட்டரியையும் காப்பாற்றிக்கொள்ள இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும். பழுதாகிப் போவது வேறு, பாதுகாப்புக்காக நிற்பது வேறு. இந்த வித்தியாசம் தெரிந்த ஓர் இளைஞரால் ஒரு நிலவுப் பயணமே காப்பாற்றப்பட்டது தெரியுமா?

1969 நவம்பர் 14. அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மையத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. அதிபர் நிக்சன் நேரில் பார்த்துக்கொண்டிருக்க, காலை 11.22-க்கு அப்பல்லோ 12 கிளம்பியது. பீட் கான்ராட், ரிச்சர்ட் கோர்டன், ஆலன் பீன் என மூன்று பேர் உள்ளே.

புறப்பட்ட 36-வது விநாடியில் ராக்கெட்டை மின்னல் தாக்கியது. 52-வது விநாடியில் இன்னொரு மின்னல்! மேகத்துக்குள் நுழைந்த 110 மீட்டர் ராக்கெட்டும் அதன் பின்னால் நீண்ட நெருப்பும் சேர்ந்து பெரிய மின்கடத்தி போல ஆகி, மின்னலைத் தாமே வரவழைத்துவிட்டன.

கலத்துக்கு மின்சாரம் கொடுத்தவை மூன்று எரிபொருள் மின்கலங்கள் (ஹைட்ரஜன், ஆக்சிஜனில் இயங்குபவை). மின்னலின் அதிர்ச்சியை 'ஓவர்லோடு' என்று நினைத்து, அவற்றின் பாதுகாப்புச் சுற்றுகள் மூன்றையும் ஒரே நேரத்தில் துண்டித்துவிட்டன. பூமிக்குத் திரும்பும்போது உதவ வைத்திருந்த பேட்டரிகளின் மேல் முழுச் சுமையும் விழுந்தது. 28 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கணம் 18-19 வோல்ட்டாகச் சரிந்து, பிறகு 23-24 வோல்ட்டில் நின்றது. நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர்களுக்கும் போதிய வோல்டேஜ் இல்லாததால் அவற்றின் எச்சரிக்கை விளக்கும் எரிந்தது. கான்ராட் முன்னால் இருந்த பலகையில், அவர் அதுவரை பார்த்திராத அளவுக்கு விளக்குகள்!

ஹூஸ்டனில் நிலைமை இன்னும் மோசம். திரையில் வந்த எண்களுக்கு அர்த்தமே இல்லை. என்ன பழுது என்று தெரியாமல் எதைச் சரி செய்வது? பயணத்தைக் கைவிடச் சொல்வதா, தொடரச் சொல்வதா? விமான இயக்குநர் ஜெர்ரி கிரிஃபின் மின்சாரப் பிரிவைக் கவனித்த ஜான் ஆரனிடம் கேட்டார். ஆரனுக்கு அப்போது வயது 26.

சுமார் ஒரு வருடம் முன்பு நடந்த ஒரு சோதனையில், வோல்டேஜ் குறைந்தபோது இதே மாதிரி குழப்பமான எண்கள் வந்ததை ஆரன் பார்த்திருந்தார். அது அவர் வேலையில் கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டிய விஷயமும் இல்லை. ஆனாலும் ஏன் அப்படி வந்தது என்று தேடிப் படித்து வைத்திருந்தார். காரணம் எஸ்.சி.இ. என்ற கருவி. சென்சார்களின் அளவுகளைத் திரைக்கு ஏற்றபடி மாற்றித் தருவது அதுதான். வோல்டேஜ் குறைந்தால் அது நின்றுவிடும். 'ஆக்ஸ்' நிலைக்கு மாற்றினால் குறைந்த வோல்டேஜிலும் ஓடும்.

"எஸ்.சி.இ.யை ஆக்ஸுக்கு மாற்றச் சொல்லுங்கள்" என்றார் ஆரன். கிரிஃபினுக்கு அப்படி ஒரு ஸ்விட்ச் இருப்பதே தெரியாது. கான்ராடுக்கும் புரியவில்லை. ஆனால் ஆலன் பீனுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது. தட்டினார். திரையில் சரியான எண்கள் திரும்ப வந்தன!

இப்போது உண்மை தெரிந்தது. மின்கலங்கள் கெடவில்லை, துண்டிக்கப்பட்டு மட்டுமே இருந்தன. பீன் அவற்றை ஒவ்வொன்றாக மறுபடி இணைத்தார். புறப்பட்ட மூன்று நிமிடங்களுக்குள் மின்சாரம் பழையபடி வந்துவிட்டது. இத்தனை கலவரத்திலும் சாட்டர்ன் 5 ராக்கெட்டின் சொந்த வழிகாட்டிக் கணினி பாதிக்கப்படாமல் நேராகப் பறந்துகொண்டே இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. அது தவறியிருந்தால் எந்த ஸ்விட்சும் உதவியிருக்காது.

நவம்பர் 19-ல் கான்ராடும் பீனும் நிலவில் இறங்கினார்கள். இறங்கிய இடத்தின் பெயர் என்ன தெரியுமா? புயல்களின் பெருங்கடல்! நவம்பர் 24-ல் மூவரும் பத்திரமாகத் திரும்பினார்கள்.

இதன் பிறகு நாசா, ராக்கெட் ஏவுவதற்கான வானிலை விதிகளைக் கடுமையாக்கியது. ஆனால் விதி இருந்தால் மட்டும் போதாதே. 1987 மார்ச் 26-ல் மோசமான மேகங்கள் இருந்தும் ஓர் அட்லஸ்-சென்டார் ராக்கெட் ஏவப்பட்டது. மின்னல் தாக்கி அதன் கணினியின் நினைவகத்தில் இருந்த தகவல் மாறிப்போனது. ராக்கெட் திசை தவறிச் சிதறியது, செயற்கைக்கோளும் போனது. அதில் மனிதர்கள் இல்லாதது அதிர்ஷ்டம்தான்.

ஒரு கருவி நின்றுவிட்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "எது கெட்டது?" என்பதல்ல, "எது இதை நிறுத்தியது?" என்பதே. ஆரன் அந்தக் கேள்வியை ஆபத்து வருவதற்கு ஒரு வருடம் முன்பே, யாரும் கேட்காதபோதே கேட்டு வைத்திருந்தார். அதனால்தான் அந்தச் சில விநாடிகளில் அவரிடம் பதில் தயாராக இருந்தது.