ஈட்டிய தளமும் கொடுத்த தளமும்: பேஸ்பால் விதிமாற்றங்களில் ரசிகர்களின் அளவுகோல்

2023 பிப்ரவரி 25. ஃபுளோரிடாவின் நார்த் போர்ட்டில், பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டம். அட்லாண்டா பிரேவ்ஸும் பாஸ்டன் ரெட் சாக்ஸும் 6–6 என்று சமநிலையில் இருந்தன. ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதி. இரண்டு பேர் அவுட். மூன்று தளங்களிலும் பிரேவ்ஸ் வீரர்கள். பேட்டர் கால் கான்லியின் கணக்கில் மூன்று ‘பால்’, இரண்டு ஸ்ட்ரைக். இன்னொரு ‘பால்’ கிடைத்தால் வெற்றி. அம்பயர் ஆட்டத்தை நிறுத்தினார். தவறு எதிரணியுடையது என்று எண்ணிய கான்லி முதல் தளத்தை நோக்கி நடந்தார். தீர்ப்போ நேர்மாறாக வந்தது: பந்து வீசக் கெடு விதிக்கும் புதிய கடிகாரத்தில் எட்டு நொடி மிச்சமிருக்கும்போது அவர் பந்தை எதிர்கொள்ளத் தயாராக இல்லை. எனவே மூன்றாவது ஸ்ட்ரைக். கடைசிப் பந்து வீசப்படாமலே ஆட்டம் முடிந்தது.

பேஸ்பால் விதிமாற்றங்களைப் பற்றிய சச்சரவைப் பழமைவாதிகளுக்கும் புதுமை விரும்பிகளுக்கும் இடையிலான வழக்காகக் காண்பது வாடிக்கை. அந்தப் பிரிப்பு போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். ரசிகர்களை உறுத்துவது புதுமை அல்ல. களத்தில் எவரும் ஈட்டாத விளைவு.

முதலில் கடிகாரம். தளங்கள் காலியாக இருந்தால் 15 நொடி, ஆள் நின்றால் 20 நொடி (2024 முதல் 18) என்று பிட்சருக்குக் கெடு விதிக்கப்பட்டது. தளங்கள் காலியாக இருக்கும்போது 12 நொடிக்குள் வீச வேண்டும் என்ற விதி முன்பே ஏட்டில் இருந்தது. அதை யாரும் அமல்படுத்தவில்லை, அவ்வளவுதான். ஆகவே கடிகாரம் பழைய வேகத்தை மீட்டது என்று சொல்வதே பொருத்தம். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் சராசரி நேரம் 2021இல் 3 மணி 10 நிமிடம்; 2023இல் சுமார் 2 மணி 40 நிமிடம். குறைந்தது கையுறையைக் கழற்றி மாட்டிய நேரமே தவிர ஆட்டமல்ல. அவ்வாண்டு அரங்குக்கு வந்தோர் 2017க்குப் பிறகு முதன்முறையாக 7 கோடியைத் தாண்டினர். இதைக் கடிகாரத்தின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. என்றாலும் ரசிகர்கள் வெறுத்து ஒதுங்கவில்லை என்பதற்கு இது சான்று.

அதே ஆண்டு தளங்களின் பக்க அளவு 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமானது. பிட்சர் வீச்சை நிறுத்தி ரன்னரை மிரட்டும் முயற்சிக்கும் வரம்பு வந்தது. திருடப்பட்ட தளங்கள் 2,486இலிருந்து 3,503ஆக உயர்ந்தன. விதி வாய்ப்பைத்தான் பெருக்கியது. ஓடிச் சறுக்கித் தளத்தைப் பிடிக்க வேண்டியவர் வீரரே.

இதற்கு எதிர்முனையில் இருப்பது 2020இல் அறிமுகமாகி 2023இல் நிரந்தரமான ஏற்பாடு: கூடுதல் இன்னிங்ஸ் ஒவ்வொன்றும் இரண்டாம் தளத்தில் ஓர் ஆளுடன் தொடங்கும். அவர் அடிக்கவில்லை, ஓடவில்லை, கொண்டுபோய் நிறுத்தப்படுகிறார். ரசிகர்கள் அவரைப் ‘பேய் ரன்னர்’ என்றார்கள். ஆணையர் ராப் மேன்ஃப்ரெடின் பெயரையும் பட்டமாகச் சூட்டினார்கள். இந்தக் கேலிக்கு ஸ்கோர் புத்தகமே சாட்சி. அந்த ரன்னர் எடுக்கும் ரன், பிட்சரின் கணக்கில் ‘ஈட்டப்படாத ரன்’ என்றே பதிவாகிறது.

தொழில்நுட்பத்துக்கும் இதே உரைகல் பொருந்தும். 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்டின் அர்மாண்டோ கலராகா 26 பேரை வரிசையாக அவுட்டாக்கியிருந்தார். முதல் தளத்தில் 27ஆம் ஆளும் அவுட்தான். அம்பயர் ஜிம் ஜாய்ஸ் ‘சேஃப்’ என்றார். அப்பழுக்கற்ற ஆட்டம் கைநழுவியது. பிறகு காணொளியைப் பார்த்த ஜாய்ஸ் தவற்றை ஒப்புக்கொண்டார். 2014இல் விரிவான மறுபார்வை வந்தபோது, ஈட்டியதை உரியவருக்குத் தரும் கருவியாக அதை ஏற்பது எளிதாயிற்று. அதே கருவி, சறுக்கி வந்தவரின் உடல் மயிரிழை அளவுக்குத் தளத்தை விட்டு எழும்பிய கணத்தைப் பிடித்து அவுட் கொடுக்கும்போது முணுமுணுப்பு எழுகிறது. அங்கே அது வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் கணக்கில் சேர்க்கிறது.

2026 பருவத்துக்கு ஏற்கப்பட்ட தானியங்கி ஸ்ட்ரைக் முறையும் இந்த எல்லையை மதிக்கிறது. கிரிக்கெட் ரசிகர்களுக்குப் பழகிய ஹாக்-ஐ கேமராக்கள் ஒவ்வொரு பந்தையும் அளந்தாலும் தீர்ப்பு அம்பயருடையதே. அணிக்கு இரண்டு முறையீடு. வென்றால் அது கையிலேயே இருக்கும். பிட்சர், கேட்சர், பேட்டர் மட்டுமே, வெளியுதவியின்றி, தொப்பியையோ ஹெல்மெட்டையோ தட்டிக் கேட்கலாம். விளிம்புப் பந்தை ஸ்ட்ரைக்காகத் தோன்றச் செய்யும் கேட்சரின் கைவித்தை இதனால் முற்றிலும் அழியாது. முறையிடும் துணிச்சலும் ஒரு திறமையாகிறது.

இந்த அளவுகோலுக்குப் பிடிபடாத விதியும் உண்டு. இரண்டாம் தளத்தின் இருபுறமும் இவ்விரண்டு உள்வட்டக் காவலர்கள் நிற்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டில், ‘ஆராய்ந்து நின்ற இடம் எங்கள் உழைப்பு’ என்று காவலர் பக்கம் பேசலாம். ‘நன்றாக அடித்த பந்து எங்கள் உழைப்பு’ என்று பேட்டர் பக்கம் பேசலாம். இரு தரப்பும் ஈட்டலையே காட்டுவதால்தான் அந்த விவாதம் முடிவதில்லை.

இறுதிச் சுற்று ஆட்டங்களில் நிறுத்திவைக்கும் ரன்னர் கிடையாது, கடிகாரம் உண்டு. 2025 உலகத் தொடரின் மூன்றாம் ஆட்டம் 18 இன்னிங்ஸ் நீண்டது. ஃப்ரெடி ஃப்ரீமனின் ஹோம் ரன்னில் டாட்ஜர்ஸ், டொராண்டோ புளூ ஜேஸை 6–5 என்று வென்றபோது ஆறரை மணி நேரம் கடந்திருந்தது. நேரத்தை மிச்சப்படுத்துவதே குறிக்கோள் என்றால் அன்றைக்குத்தான் அந்த ரன்னர் தேவைப்பட்டிருப்பார். மிக முக்கியமான ஆட்டங்களில் அவரை வெளியே நிறுத்தியதன் வழியே, ரசிகர்களின் அளவுகோலை லீக்கும் சொல்லாமல் ஒப்புக்கொள்கிறது.