முடியாத செப்டம்பர்

2018 மே மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அப்பா ஒரு குரல்பதிவை அனுப்பினார். வடக்கேயிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது, நம்ம மாவட்டத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது, குழந்தைகளை வெளியே விடாதீர்கள் என்று ஒரு பெண் குரல் பதறியது. நான் சென்னையில் அலுவலகத்தில் இருந்தேன். அது வதந்தி என்று போலீஸ் சொன்ன செய்தியின் சுட்டியைத் தேடி எடுத்து அதே குழுவில் ஒட்டினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "அப்பா, வாட்ஸ்அப் யுனிவர்சிட்டில எப்போ டிகிரி வாங்குனீங்க?" என்று கீழே எழுதி, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகம் மூன்றையும் சேர்த்துப் போட்டேன். சித்தப்பா பையன்கள், அத்தை பெண், மச்சான் எல்லோரும் பதிலுக்கு அதே முகத்தைப் போட்டார்கள்.

அப்பா பதில் எழுதவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு அந்தக் குழுவில் எதுவுமே எழுதவில்லை.

நான் சொன்ன விஷயத்தில் தப்பில்லை. அதே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வந்திருந்த ஒரு மூதாட்டியை இதே வதந்தியை நம்பிய கூட்டம் அடித்துக் கொன்றது. ஆக, அந்தக் குரல்பதிவைத் தடுத்தே ஆகவேண்டும். அதில் இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் நான் தடுத்த விதம் மனசில் முள்ளாகக் கிடந்தது. அது எங்கே குத்துகிறது என்பது சில வருஷம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு சரித்திரத்தைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் பிடிபட்டது. அது யூஸ்நெட்டின் கதை.

1979-இன் கடைசியில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், டியூக் பல்கலைக்கழக மாணவர்களான டாம் டிரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் ஒரு யோசனை செய்தார்கள். அப்போதே அர்ப்பாநெட் என்ற வலைப்பின்னல் இருந்தது. ஆனால் ராணுவ ஆராய்ச்சிப் பணம் வாங்கும் இடங்களுக்குத்தான் அதில் அனுமதி. மற்றவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்க்க வேண்டியதுதான். இந்த மாணவர்களிடம் இருந்தவை யூனிக்ஸ் கணினியும் ஒரு டெலிபோன் லைனும். ஒரு கணினி இன்னொன்றுக்குப் போன் போடும். தன்னிடம் வந்த புதுக் கடிதங்களைக் கொடுக்கும், அங்கே இருப்பதை வாங்கிக்கொள்ளும், போனை வைத்துவிடும். அந்தக் கணினி அடுத்த கணினிக்குப் போன் போடும். பக்கத்து ஊர் சாப்பல் ஹில்லில் படித்துக்கொண்டிருந்த ஸ்டீவ் பெல்லோவின் இதற்கு முதல் நிரலை எழுதிக் கொடுத்தார். 1980-இல் வெளியுலகத்துக்கு அறிவித்தார்கள். ஏழைகளின் அர்ப்பாநெட் என்று அதற்குப் பட்டப்பெயர் வந்தது.

இந்தப் போன்கள் பெரும்பாலும் ராத்திரியில் போகும். அப்போதுதான் கட்டணம் குறைவு. இதைப் படித்ததும் எனக்கு எங்கள் தெருமுனை எஸ்.டி.டி. பூத் ஞாபகம் வந்தது. ராத்திரி கட்டணம் குறையும் நேரத்துக்காகக் காத்திருந்து, மீட்டர் ஓடுவதைப் பார்த்தபடியே பேசுவார்கள். பேச்சுக்குக் காசு உண்டு என்று தெரிந்தால் வாய் தானாகச் சுருங்கும்.

யூஸ்நெட்டிலும் அப்படித்தான். நீங்கள் எழுதும் ஒரு வரியை எங்கோ இருக்கும் ஒரு பல்கலைக்கழகமோ கம்பெனியோ தன் டெலிபோன் பில்லில் சுமக்கிறது. லாரி வால் என்பவர் 1984-இல் வெளியிட்ட 'ஆர்என்' என்ற வாசிப்பு மென்பொருள், நீங்கள் எழுதி முடித்து அனுப்பப் போகும் நேரத்தில் கையைப் பிடிக்கும். இது உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகளுக்குப் போகப்போகிறது, இதற்கு எவ்வளவு டாலர் செலவாகும் தெரியுமா, கட்டாயம் அனுப்பத்தான் வேண்டுமா என்று கேட்கும். ஆம் என்று அடித்தால்தான் போகும். அந்தக் கேள்விக்கு மிஞ்சிப்போனால் இரண்டு விநாடி. ஆனால் கோபத்தில் எழுதியதைத் திரும்ப ஒருமுறை படிக்க அந்த இரண்டு விநாடி போதும்.

பழக்கவழக்கங்களும் உருவாயின. முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதினால் அது கத்துவதற்குச் சமம். கையெழுத்து நாலு வரிக்கு மேல் போகக்கூடாது. படத்தின் முடிவைச் சொல்வதென்றால் எழுத்துகளை இடம்மாற்றிப் புதிர்போல எழுத வேண்டும், விரும்புகிறவர் மட்டும் அவிழ்த்துப் படித்துக்கொள்வார். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களைத் தொகுத்து வைத்தார்கள், இன்றைக்கு எல்லா வலைத்தளத்திலும் இருக்கும் எஃப்.ஏ.க்யூ. அங்கே தழைத்ததுதான். புதியவர்களுக்கென்றே 'நியூஸ்.அனௌன்ஸ்.நியூயூசர்ஸ்' என்று ஒரு குழு இருந்தது. அதில் சக் வான் ராஸ்பாக் எழுதிய ஆரம்பப் பாடமும், எப்படியெல்லாம் நடந்துகொள்ளக் கூடாது என்பதைக் கிண்டலாகச் சொல்லும் ப்ராட் டெம்பிள்டனின் கேள்வி-பதிலும் குறிப்பிட்ட இடைவெளியில் வந்துகொண்டே இருக்கும். ஒருவர் செய்த தவறைச் சுட்டிக்காட்டுவதென்றால் சபையில் சொல்லாதே, தனியாக அவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுது என்பது அங்கே சொல்லிக்கொடுத்த பாடங்களில் ஒன்று. இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

இப்போது செப்டம்பருக்கு வரலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் புதுக் கல்வியாண்டு தொடங்கும் சமயம். முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு முதல்முறையாகக் கணினிக் கணக்கு கிடைக்கும். திபுதிபுவென்று உள்ளே வருவார்கள். ஆயிரம் முறை கேட்ட கேள்வியை ஆயிரத்தோராவது முறையாகக் கேட்பார்கள், எல்லாவற்றுக்கும் 'எனக்கும்' 'எனக்கும்' என்று பதில் போடுவார்கள். பழையவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் முனகிக்கொண்டே சொல்லியும் கொடுப்பார்கள். ஒன்றிரண்டு மாதத்தில் வந்தவர்கள் பழகிவிடுவார்கள், இல்லையென்றால் சலித்துப்போய்க் கிளம்பிவிடுவார்கள். அடுத்த செப்டம்பரில் தலையில் அடித்துக்கொள்ளும் கூட்டத்தில் போன வருஷத்துப் புதியவர்களும் இருப்பார்கள். நம் கல்லூரி விடுதிகளில் சீனியர் ஆவதைப்போலத்தான்.

1993 வாக்கில் இந்தச் சுழற்சி அறுந்தது. பணம் கட்டினால் யாருக்கும் இணைப்பு தரும் நிறுவனங்கள் வந்தன. 1994-இன் தொடக்க மாதங்களில் அமெரிக்கா ஆன்லைன், சுருக்கமாக ஏ.ஓ.எல்., தன் வாடிக்கையாளர்களுக்கு யூஸ்நெட்டின் கதவைத் திறந்தது. வீட்டுக்கு வீடு தபாலில் ஃபிளாப்பி அனுப்பி ஆள் பிடித்த நிறுவனம் அது. அந்த வருஷத்திலேயே அதன் சந்தாதாரர்கள் பத்து லட்சத்தைத் தொட்டார்கள். இவர்கள் கல்வியாண்டு பார்த்து வருகிறவர்கள் இல்லை. ஜனவரியிலும் வந்தார்கள், ஜூனிலும் வந்தார்கள். 1994 ஜனவரியிலேயே டேவ் ஃபிஷர் என்ற பயனர், 1993 செப்டம்பர் என்பது முடியவே முடியாத செப்டம்பராக வரலாற்றில் நிற்கும் என்ற பொருளில் ஒரு குறிப்பை எழுதினார். 'முடியாத செப்டம்பர்' என்ற பேர் நிலைத்துவிட்டது. அன்றைய தேதியை 1993 செப்டம்பரிலிருந்து எண்ணிக்கொண்டே போய்ச் சொல்லும் ஒரு குட்டி நிரலைக்கூட யாரோ எழுதியிருக்கிறார்கள். என் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். செப்டம்பர் மாதத்தின் தேதி 11,000-ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. சிரித்தேன்.

சிரித்து முடித்ததும் சந்தேகம் வந்தது. இது பழையவர்கள் எழுதிய சரித்திரம். ஒரு பொற்காலம் இருந்தது, நாகரிகம் தெரியாத கும்பல் வந்து கெடுத்தது என்கிற கதையை ஊரில் எல்லாத் தலைமுறையும் சொல்லும். உண்மையில் அந்தப் பொற்காலம் எப்படி இருந்தது?

1982-இலேயே கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், லிஃப்ட்டுக்குள் பாதரசம் சிந்திவிட்டது என்று ஒருவர் வேடிக்கைக்காக எழுதியதை நிஜமான எச்சரிக்கை என்று சிலர் நம்பினார்கள். கணினி அறிவியலில் கரைகண்டவர்கள் கூடிய சபை அது! இனிமேல் நகைச்சுவையை எப்படி அடையாளம் காட்டுவது என்று விவாதம் நடந்தது. செப்டம்பர் 19-ஆம் தேதி ஸ்காட் ஃபால்மன், ஒரு முக்காற்புள்ளி, ஒரு சிறுகோடு, ஓர் அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துப் படுத்தபடி சிரிக்கும் முகம் ஒன்றைப் பரிந்துரைத்தார். நான் அப்பாவுக்குப் போட்ட மஞ்சள் முகத்துக்கு அது பெரியப்பா முறை. இது வேடிக்கைதான், புண்படாதே என்று சொல்லப் பிறந்த முகத்தை நான் புண்படுத்தப் பயன்படுத்தியிருக்கிறேன்.

இன்னொன்று 'ட்ரோல்' என்ற சொல். படகின் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டே போய் மீன் பிடிப்பதற்கு ஆங்கிலத்தில் அந்தப் பேர் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் நகர்ப்புற வதந்திகளை அலசும் யூஸ்நெட் குழுவில் பழையவர்களுக்கு ஒரு விளையாட்டு இருந்தது. பேசிப் பேசிப் புளித்த ஒரு பொய்யை, ஒன்றும் தெரியாததுபோல எடுத்துப் போடுவார்கள். பழையவர்கள் புன்னகையோடு கடந்துவிடுவார்கள். புதியவர் ஒருவர் பதறியடித்துத் திருத்த வருவார், தூண்டிலில் மாட்டுவார், கூட்டம் சிரிக்கும். இணையத்தில் ட்ரோல் செய்வது இப்படியும் வளர்ந்தது. புதியவர்களை வைத்து ரசிக்க, உள்ளூர்க்காரர்கள் ஆடிய ஆட்டம்.

பெரிய நாசமும் விவரம் தெரியாதவர்களால் வரவில்லை. 1994 ஏப்ரல் 12-ஆம் தேதி, அரிசோனாவைச் சேர்ந்த லாரன்ஸ் கேன்டர், மார்த்தா சீகல் என்ற வக்கீல் தம்பதி, கிரீன் கார்டு குலுக்கலுக்கான தங்கள் விளம்பரத்தை ஆயிரக்கணக்கான யூஸ்நெட் குழுக்களில் ஒரே மூச்சில் கொட்டினார்கள். ஊரே திட்டியது. அவர்கள் அசரவில்லை, இணையத்தில் பணம் பண்ணுவது எப்படி என்று புத்தகமே போட்டார்கள். அந்த வேலையைச் செய்தது பெர்ல் மொழியில் எழுதிய ஒரு சின்ன நிரல். பெர்லை உருவாக்கியவரும் அதே லாரி வால்தான். மனுஷன் அனுப்பினால் கையைப் பிடித்துக் கேட்கலாம். நிரல் அனுப்பினால் யார் கையைப் பிடிப்பது?

ஆக, முடிந்துபோனது எது? எனக்குத் தோன்றுவது இதுதான். பத்துப் பேருக்கு ஒருவர் சொல்லிக்கொடுக்கலாம். பத்தாயிரம் பேருக்கு முடியாது. அப்படி முடியாமல்போனபோது, புதிதாக வந்தவர்களுக்கு வேறு எப்படிப் பழக்குவது என்று பெரிதாக யாரும் மெனக்கெடவில்லை. கதவைத் திறந்த நிறுவனத்துக்குச் சந்தா எண்ணிக்கை முக்கியம். பழையவர்களுக்குப் புலம்பவும் சிரிக்கவும் ஒரு கூட்டம் கிடைத்தது, ஏ.ஓ.எல்.லைத் திட்டுவதற்கென்றே யூஸ்நெட்டில் தனிக்குழு தொடங்கினார்கள். சொல்லிக்கொடுக்கிற வேலை நடுவில் அநாதையாக நின்றது.

நம் நாட்டில் பொதுமக்களுக்கான இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். மூலம் வந்தது. என் போன்றவர்களுக்கு அதற்கும் பிந்தி, மணிக்கணக்கில் காசு கொடுத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தபோதுதான் அறிமுகம். பிறகு 2016 செப்டம்பர் 5. ஜியோ சேவை தொடங்கிய நாள். ஆமாம், அதுவும் செப்டம்பர்தான். அந்த வருஷக் கடைசிவரை டேட்டா இலவசம் என்றார்கள், பிறகு அடுத்த மார்ச் வரை நீட்டித்தார்கள். இணையத்தையே பார்த்திராத கோடிக்கணக்கானவர்கள் கம்ப்யூட்டர், மின்னஞ்சல் எதையும் தொடாமல் நேராக வாட்ஸ்அப்புக்குள் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு ஒரு 'நியூஸ்.அனௌன்ஸ்.நியூயூசர்ஸ்' கிடையாது. 'அங்கிள்' என்று ஒரு பட்டம் மட்டும் காத்திருந்தது.

அவர்களில் ஒருவர் என் அப்பா. போன் வாங்கிக்கொடுத்தது நான். சிம் போட்டு, வாட்ஸ்அப் ஏற்றி, குடும்பக் குழுவில் சேர்த்துவிட்டதும் நான். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் போன் கிடையாது. பக்கத்து வீட்டு நம்பரைத்தான் பி.பி. நம்பர் என்று எல்லோருக்கும் கொடுத்திருந்தோம். அழைப்பு வந்தால் அந்த வீட்டு அக்கா சுவர் மேலிருந்து கூப்பிடுவார். எப்படிப் போகணும் என்று அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். செருப்பை வெளியே விடணும். அவங்க சாப்பிட்டுட்டு இருந்தா அந்தப் பக்கம் பார்க்கக்கூடாது. கத்திப் பேசக்கூடாது, அஞ்சு நிமிஷத்துக்கு மேல பேசக்கூடாது. வரும்போது "வர்றேன்க்கா" என்று சொல்லிவிட்டு வரணும். பிறகு எங்கள் வீட்டுக்கே போன் வந்தபோது இன்னொரு பாடம். எடுத்ததும் நாம யாருன்னு சொல்லணும், ஒன்பது மணிக்கு மேல யார் வீட்டுக்கும் அடிக்கக்கூடாது. போனுக்கு உண்டான நாகரிகம் முழுவதையும் எனக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தவர் அவர். அவர் கையில் ஒரு புதுப் போனைக் கொடுத்த நான், அவர் தடுக்கி விழும்வரை காத்திருந்து சிரித்திருக்கிறேன்.

அந்த 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாது. 'ஃபார்வர்ட்' செய்தது என்ற முத்திரையும் வந்தது. 34 வருஷம் முன்னால் லாரி வாலின் மென்பொருள் கேட்ட கேள்வியின் தூரத்துச் சொந்தம். அதைத் திரும்பக் கொண்டுவர, நடுவில் எத்தனையோ உயிர் போகவேண்டியிருந்தது. மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் என்ற முறையில் இதைச் சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அனுப்புவதற்கு எத்தனை தட்டல் குறைக்கலாம் என்று கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறோம். எங்கே ஒரு தட்டல் கூட்டலாம் என்று பேசியதாக ஞாபகமில்லை.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் மன்னிப்பு என்றெல்லாம் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அது பழக்கமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னைக்கு அப்படிப் போட்டிருக்கக்கூடாதுப்பா" என்றேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டே, "பொய்யின்னு உனக்கு எப்படிடா தெரிஞ்சுது? அதைச் சொல்லு" என்றார். சொன்னேன். தேதி இருக்கிறதா, ஊர் பேர் இருக்கிறதா என்று பார்ப்பது, படத்தை வைத்தே படத்தைத் தேடுவது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலு தடவை செய்து பார்த்தார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

போன மாதம் பெரியப்பா குழுவில் ஒரு வைத்தியக் குறிப்பு போட்டார். சர்க்கரை மாத்திரையே வேண்டாம், இந்த இலை போதும் என்ற வகை. நான் எதையோ தட்டத் தொடங்கி நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் அந்தச் செய்தி குழுவிலிருந்து தானாக மறைந்தது. அப்பாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"நான்தான் அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். மாத்திரையை நிறுத்திட்டா என்னடா பண்றது?"

"குரூப்லயே சொல்லியிருக்கலாமேப்பா, எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குமே."

"பெரியவரு. பிள்ளைங்க எல்லாம் பார்த்துட்டு இருக்காங்க. அங்க வச்சா சொல்லுவாங்க?"