செவிக்கு அருகே

"செவிடன் காதில் ஊதிய சங்கு" என்பது நாம் அடிக்கடி எடுத்தாளும் பழமொழி. வீணாய்ப் போன பேச்சுக்கு அதனை உவமை கூறுகிறோம். ஆனால் கேட்கும் திறன் குன்றியோர்க்கென மனிதர் ஆக்கிய பழங்கருவிகளுள் சங்கின் ஓட்டாலும் விலங்கின் கொம்பாலும் ஆனவையும் உண்டு என்பதை அறியும்போது வியப்படைகிறோம். நாம் ஏளனத்திற்கு எடுத்த பொருளே ஒரு காலத்தில் கேளாச் செவிக்குத் துணைநின்றிருக்கிறது.

பதினேழாம் நூற்றாண்டு முதல் ஐரோப்பாவில் செவிக்குழல் பற்றிய செய்திகள் கிடைக்கின்றன. ஒலி குழாய்களின் வழியே செல்லும் முறையை இயேசு சபைத் துறவி அத்தனாசியுஸ் கிர்ச்செர் 1673-இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். செவிக்குழலின் அமைப்பு எளியது. அகன்ற வாய் ஒலியைத் திரட்டும்; வரவரக் குறுகும் குழல் அதனைக் காதிற்குள் செலுத்தும். ஒலியை அது பெருக்கியது சிறிதளவே. எனினும் அதனால் விளைந்த மற்றொரு நன்மை உண்டு. பேசுகிறவர் எழுந்து அருகில் வந்து, குழலின் வாயில் பேசியாக வேண்டும்.

இதற்கு ஓர் அரியணையே சான்று பகர்கிறது. போர்த்துக்கல் மன்னர் ஆறாம் ஜான் செவிப்புலன் குன்றியவர். லண்டனைச் சேர்ந்த ரைன் என்னும் நிறுவனம் 1819-இல் அவருக்காக நாற்காலி ஒன்றைச் செய்தது. அதன் கைப்பிடிகள் வாய் திறந்த சிங்கங்களாகச் செதுக்கப்பட்டிருந்தன. அவ்வாய்களில் பேசிய சொற்கள் உள்ளிருந்த குழாயின் வழியே மன்னரின் செவியை எட்டின. முறையிட வந்தவர் முழந்தாளிட்டுச் சிங்கத்தின் வாயருகே பேசினர்.

மன்னருக்கு வாய்த்த இத்துணிவு மற்றவர்க்கு எளிதில் வாய்க்கவில்லை. இசைமேதை பீத்தோவன் தம் செவித்திறன் குன்றுவதை வெளியிடக் கூசி, மனிதர் கூடும் இடங்களையே தவிர்த்தார். 1802-இல் தம் சகோதரருக்கு அவர் எழுதிய மடலில் அவ்வேதனை நிறைந்துள்ளது. பின்னாளில் மேல்செல் என்னும் கைவினைஞர் அவருக்குச் செவிக்குழல்கள் செய்தளித்தார். அவை இன்றும் பான் நகரில் காணக் கிடைக்கின்றன. 1818 முதல், வந்தவர்கள் தாம் சொல்ல விரும்பியதைக் குறிப்பேட்டில் எழுதிக் காட்டினர்.

இக்கூச்சத்தை உணர்ந்த வணிகர்கள் விசிறியிலும், மேசைப் பூச்சாடியிலும், கூந்தலுக்குள் மறையும் தலைப்பட்டையிலும் கருவியை ஒளித்து விற்றனர். இதற்கு மாறாக நின்றவர் ஆங்கில எழுத்தாளர் ஹாரியட் மார்ட்டினோ. இளமையிலேயே செவித்திறன் குன்றிய அவர், செவிக்குழலை எவர் முன்னும் தயங்காது பயன்படுத்தினார். 1834-இல் தம்மை ஒத்தோருக்கென ஒரு திறந்த மடல் எழுதி, வீண் கூச்சத்தை விடும்படி அவர்களை வேண்டினார்.

தொலைபேசி கண்ட கிரகாம் பெல்லின் அன்னையும் செவிக்குழலின் துணைகொண்டு கேட்டவரே. பிறர் அக்குழலில் உரக்கப் பேச, சிறுவன் பெல்லோ அன்னையின் நெற்றியருகே வாயை வைத்துத் தாழ்ந்த குரலில் பேசினான்; அன்னைக்கு அது விளங்கிற்று. 1876-இல் பெல் உரிமம் பெற்ற தொலைபேசியின் தொழில்நுட்பமே, அந்நூற்றாண்டின் இறுதியில் மின்சாரச் செவிக்கருவி தோன்ற வழிவகுத்தது. 1947-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. பெல்லின் நினைவைப் போற்றி, செவிக்கருவி செய்வோரிடம் அதற்கான உரிமைத் தொகை பெறப்படவில்லை. 1952-இன் இறுதியில் டிரான்சிஸ்டர் பொருத்திய முதற் கருவி விற்பனைக்கு வந்தது. 1996-இல் முழுமையான டிஜிட்டல் கருவிகள் வந்தன. இன்றோ அது காதின் துளைக்குள்ளேயே மறைந்துவிடுகிறது.

கருவி சிறுத்தது, நன்று. ஆயின் அதனோடு நம் பொறுமையும் சிறுத்ததோ என அஞ்சுகிறோம். கேட்கும் திறன் குறைந்து உதவி தேவைப்படுவோர் உலகில் 43 கோடிக்கும் மேற்பட்டோர் என உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் அறிவித்தது. அவர்களுள் நம் வீட்டுப் பெரியவர்களும் உளர். கருவி வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்ததெனக் கருதி, அடுத்த அறையிலிருந்தே குரல் கொடுக்கிறோம். மறுமொழி வராவிடில் சினந்து கொள்கிறோம். பாட்டி இரண்டாம் முறை கேட்டால், "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று முடித்துவிடுகிறோம். அந்த ஒரு சொல்லால் அவரைப் பேச்சுக்கு வெளியே நிறுத்திவிடுகிறோம். பிறகு கருவி மேசை இழுப்பறையில் உறங்குவதில் வியப்பென்ன?

எத்துணைச் சிறந்த கருவியும், முகம் நோக்கி அருகிருந்து பேசுகையிலேயே நன்கு பயன்தரும். மன்னரிடம் பேச முழந்தாளிட்டார்கள். அன்னையிடம் பேச அவள் நெற்றியருகே குனிந்தான் ஒரு சிறுவன். நம் தாத்தாவிடம் பேச, நாம் நான்கு அடி நடந்து சென்றால் போதும்.